ஒரு மடக்குப் பலகை இருந்தால் என் தங்கையும் ரயில் ஏறுவாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், நம் புறநகர் ரயில் நிலையங்களையெல்லாம் ஜப்பான் மாதிரி ஆக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் கேட்டிருந்தது கண்ணாடிக் கூரை, டிஜிட்டல் போர்டு, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று தரை, அப்புறம் புல்லட் ரயில். நான் டோக்கியோவில் ஒரு புறநகர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டரை மாதம் தங்கிவிட்டு வந்தவள். என்னைக் கேட்டால் அங்கிருந்து முதலில் கொண்டுவர வேண்டியது ஒரு பலகை, இரண்டாக மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற ஒரு பலகை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளம் என்று குறைத்தால் வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள், பலகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தாம்பரம் தாண்டி, செங்கல்பட்டு போகிற தடத்தில் வீடு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம், கடைசி வண்டி போகிற சத்தம் படுக்கையில் கேட்கும். என்னோடு இருக்கும் தங்கைக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனது. முதலில் தவழ்ந்தாள், பிறகு காலிபர் என்கிற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டிக்கொண்டு கைத்தடியோடு நடந்தாள், தோள்பட்டை தேய்ந்ததும் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். அவள் தைக்கிற பிளவுஸுக்கும் போடுகிற ஆரி வேலைக்கும் எங்கள் தெருவில் மட்டுமில்லை, நாலு ஸ்டேஷன் தாண்டியும் ஆள் வருகிறார்கள். லைனிங் துணி, ஜரி நூல், கல், கொக்கி எல்லாவற்றுக்கும் தி. நகர்தான் போக வேண்டும். ஐந்து ரூபாயில் தொடங்குகிற மின்சார ரயில் டிக்கெட் வீட்டு வாசலில் இருக்க, அவள் ஆட்டோ பிடித்துப் போய்வருகிறாள். அந்த ஆட்டோ காசு அவள் ஒரு வாரம் முழுக்கத் தைத்த கூலியில் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும்.

அவள் கடைசியாக மின்சார ரயில் ஏறி பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நடை மேம்பாலத்தில் நாற்பத்தாறு படி, நானே எண்ணியிருக்கிறேன். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு சரிவு இருந்தது, அது இறங்குகிற இடத்தில் ஜல்லியும் குப்பையும். எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தோம், வண்டியும் வந்தது. பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இடைவெளி, அதோடு பெட்டியின் தரை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே. அங்கிருந்த நாலு பேர் ஓடிவந்து, "நீங்க தள்ளிக்கோங்கம்மா" என்று சொல்லி நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். வண்டி நகரப் போகிறதென்ற அவசரத்தில் ஒருவர் முன்னால் இழுத்தார், ஒருவர் பின்னால் தள்ளினார். அவள் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது, கை கதவு விளிம்பில் உரசித் தோல் வழண்டது. அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், நல்ல மனிதர்கள், இறங்குகிற இடத்திலும் அவர்களில் இரண்டு பேர் கூடவே இறங்கி உதவினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு என் தங்கை சொன்னாள்: "நாலு பேர் தூக்கிட்டுப் போறது எதுக்குன்னு உனக்குத் தெரியும்ல அக்கா. இனிமே அதுக்கு மட்டும் தூக்கட்டும்." அதற்கப்புறம் அவள் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

சரி, ஜப்பானுக்கு வருகிறேன். என் மகனுக்கு டோக்கியோவில் கணினி வேலை. பேத்தி பிறந்தபோது என்னைக் கூப்பிட்டான், சித்தியைத் தனியாக விட்டுவிட்டு வராதே, அவர்களையும் அழைத்துக்கொண்டு வா என்று பிடிவாதமாகச் சொன்னான். அவன் இருப்பது நிஷி-கசாய் என்ற இடத்தில். நிஷி என்றால் மேற்கு. அடுத்த ஸ்டேஷன் கசாய், இது மேற்கு கசாய், நம் மேற்கு மாம்பலம் மாதிரி. டோக்கியோ மெட்ரோவின் தோசாய் தடத்தில் இருக்கிறது, பலகையில் டி 16 என்று எண் போட்டிருக்கும். பெயர்தான் மெட்ரோ, இந்த இடத்தில் பாலத்தின் மேல் ஓடுகிற ரயில். கீழே டிக்கெட் கேட், மேலே பிளாட்பாரம், காலையில் ஆயிரக்கணக்கான பேர் நகரத்துக்கு வேலைக்குப் போகிற, சாயங்காலம் திரும்பி வருகிற சாதாரண ஸ்டேஷன். விரைவு வண்டிகூட அங்கே நிற்காது. அந்தப் பக்கமெல்லாம் ஒருகாலத்தில் கடலோரம், கடற்பாசி வளர்த்துக் காயவைத்துப் பிழைத்த ஊர்கள். 1969-இல் ரயில் தடம் போட்டபோது இந்த ஸ்டேஷனே இல்லை, வண்டி நிற்காமல் போனது. வீடுகள் பெருகிய பிறகு, 1979 அக்டோபரில் நடுவே ஒன்றைக் கட்டிச் சேர்த்தார்கள். கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் வந்ததும் ரயில் நிலையமும் வேண்டும் என்று நாம் கேட்டோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியில் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த சமயத்தில் நம் நாட்டு எஞ்சினியர்கள் நிறையப் பேர் டோக்கியோ போனார்கள். வங்கிகளும் பங்குச் சந்தையும் இருக்கிற ஒத்தேமச்சி, கயபச்சோ இரண்டுக்கும் நிஷி-கசாயிலிருந்து வண்டி மாறாமல் போகலாம் என்பதால் அங்கேயே குடியேறினார்கள். இன்றைக்கு டோக்கியோவின் வார்டுகளில் இந்தியர்கள் அதிகம் இருப்பது அந்த எதொகவா வார்டில்தான். சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் நின்றால் தமிழ் காதில் விழும்.

போய் ஒரு வாரத்தில் மகன் எங்களை நகரத்துக்குள் இருக்கிற நிஹொன்பாஷிக்குக் கூட்டிப் போகிறேன் என்றான். ரயிலில் என்றதும் தங்கை முகம் மாறிவிட்டது. நான் வரவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவன் விடவில்லை.

டிக்கெட் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல், அதில் சீருடை போட்ட இளைஞர் ஒருவர், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள், அங்கே வேறு வண்டி மாற வேண்டுமா என்று மட்டும் கேட்டார். ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டார், போனை எடுத்து யாரிடமோ நாலு வார்த்தை சொன்னார். எங்களோடு லிஃப்ட்டில் மேலே வந்தார். வரும்போது கக்கத்தில் அந்தப் பலகை. அவர்கள் அதை சுரோப்பு என்கிறார்கள், சரிவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. பிளாட்பாரத் தரையில் எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது கதவு என்று ஒவ்வொரு கதவுக்கும் எண் எழுதியிருக்கிறது, வண்டியும் அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. சக்கர நாற்காலிக்கு இடம் இருக்கிற பெட்டிக்கு நேராக எங்களை நிறுத்திவிட்டு அவர் ஓரமாக நின்றார். வண்டி வந்தது, கதவு திறந்தது, இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். பலகையை விரித்தார், ஒரு காலால் அதன் ஓரத்தை மிதித்து அசையாமல் பிடித்துக்கொண்டார், நாற்காலியின் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்னால் தங்கையைப் பார்த்துத் தலையசைத்து அனுமதி கேட்டார். டக் டக் என்று இரண்டு சின்னச் சத்தம், அவ்வளவுதான், அவள் உள்ளே இருந்தாள். பலகையை எடுத்து மடக்கி, வண்டியின் கடைசியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டருக்குக் கையை உயர்த்திக் காட்டினார். கதவு மூடியது. மொத்தமும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, பெட்டியில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி அரகவா ஆற்றைத் தாண்டுகிறவரைக்கும் அவள் ஒன்றும் பேசவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றைக் கடந்ததும் வண்டி பூமிக்குள் போய்விடும். இருட்டானதும் என் பக்கம் திரும்பி, "எறங்கும்போது என்ன பண்றது?" என்றாள். அவளுக்கு அதுதான் பயம், எனக்கும்தான். ஆறாவது ஸ்டேஷன் நிஹொன்பாஷி. கதவு திறக்கிறது, நேர் எதிரே ஒரு பெண் ஊழியர், கையில் பலகையோடு, எங்களுக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறார்.

ஐயா, நான் சொல்ல வந்தது இதுதான். ஏற்றிவிட நம் ஊரிலும் ஆள் கிடைப்பார்கள், ஒருவருக்கு நாலு பேர். இறங்குகிற இடத்தில் ஒருவர் நிற்பார் என்ற நிச்சயம்தான் நமக்குக் கிடைப்பதில்லை. அந்த நிச்சயத்துக்கு ஒரு போன் போதும், எந்தப் பெட்டி எந்தக் கதவு என்று ஒரு வார்த்தை போதும். இரண்டரை மாதத்தில் என் தங்கை பதினொரு முறை ரயில் ஏறினாள். கடைசி மூன்று முறை என்னைக்கூட அழைக்காமல், பாஸ்மோ என்கிற ரயில் பயண அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். மொழி தெரியாது, இறங்க வேண்டிய ஸ்டேஷன் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள், அதைக் காட்டினாள், போனாள். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை, யாருக்கும் நூறு தடவை நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்த வேலைக்கென்றே ஒருவர் இருக்கிறார், அவர் அதைச் செய்கிறார். அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று காலால் நடக்கிற நமக்குச் சட்டென்று புரியாது.

எல்லாமே அங்கே சொர்க்கம் என்று சொல்லவில்லை. வேறு ஒரு தடத்தில், பெயர் வேண்டாம், இறங்குகிற ஸ்டேஷனில் ஆள் கிடைக்கவில்லை என்று எங்களைக் கால்மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்தார்கள், மூன்று வண்டி கண் முன்னால் போனது. அங்குள்ள மாற்றுத்திறனாளிகளுக்கே இந்தக் காத்திருப்பில் வருத்தம் உண்டு, மற்றவர்களைப் போல வந்த வண்டியில் ஏற எங்களுக்கு ஏன் முடியக் கூடாது என்று கேட்கிறார்கள். அதனால் பலகையே தேவைப்படாத அளவுக்கு பிளாட்பாரத்தின் விளிம்பை உயர்த்தி, ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி ரப்பர் வைத்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். உயர வித்தியாசம் 3 சென்டிமீட்டருக்குள், இடைவெளி 7 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான சக்கர நாற்காலிகள் யார் துணையும் இல்லாமல் ஏறிவிடும் என்று 2019-இல் அளவே குறித்துவிட்டார்கள். மூன்று சென்டிமீட்டர் என்றால் என் தங்கையின் தையல் டேப்பில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. நம் ஸ்டேஷனில் ஒரு முழம்.

இதைச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சொல்கிற முதல் பதில், நம் ஊர்க் கூட்டத்துக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது என்பது. தோசாய் தடத்தின் கூட்டம் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. ஜப்பானில் ரயில் நெரிசலுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 150 சதவீதம் என்றால் நின்றுகொண்டு செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம், 180 என்றால் மடித்துப் படிக்கலாம், 200 என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும், வாரப் பத்திரிகை மாதிரிச் சின்னதாக இருந்தால் எப்படியோ படிக்கலாம், 250 என்றால் கையைக்கூட அசைக்க முடியாது. கொரோனாவுக்கு முன்னால், 2018-ஆம் நிதியாண்டில், இதே தோசாய் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென்-நகச்சோவுக்கும் நடுவே காலை நெரிசல் 199 சதவீதம். 2019 ஜனவரியில், நெரிசல் நேரத்தைத் தவிர்த்து அதிகாலை வண்டியில் போகிறவர்கள் எண்ணிக்கை ஒரு நாளைக்கு 2,000 ஆனால் எல்லோருக்கும் நம் பஜ்ஜி மாதிரியான தெம்புரா, 2,500 ஆனால் சோபா நூடுல்ஸ், 3,000 ஆனால் இரண்டும் இலவசம் என்று அறிவித்தார்கள், அந்த அளவுக்குக் கூட்டத்தோடு மல்லாடிய தடம் அது. பத்துப் பெட்டி வண்டி, மூச்சு முட்டுகிற கூட்டம், அதற்குள்ளும் அந்தப் பலகை விரிகிறது.

இரண்டாவது பதில், அவர்கள் பண்பாடு அப்படி, பிறவியிலேயே ஒழுங்கு. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1977 ஏப்ரலில், டோக்கியோவை ஒட்டிய கவசாகி ஸ்டேஷன் வாசலில் நடந்ததை மகன் தேடிப் படித்துச் சொன்னான். சக்கர நாற்காலியோடு பஸ்ஸில் ஏறக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும், நாற்காலியை மடக்க வேண்டும் என்று பஸ் நிறுவனங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் நடத்திய அஓய் ஷிபா என்ற சங்கத்தினர் கூட்டமாக வந்து பஸ்களில் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்கள் அப்படியே நின்றன. ஊரே அவர்களைத் திட்டியது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். ரயில் நிலையங்களுக்குச் சட்டம் வருவதற்கு 2000-ஆம் ஆண்டு ஆனது. முதலில் ஒரு நாளைக்கு 5,000 பேர் வந்துபோகிற ஸ்டேஷன்களில் படி ஏறாமல் பிளாட்பாரம் போக வழி வேண்டும் என்றார்கள், அப்புறம் அதை 3,000 ஆக்கினார்கள், இப்போது உள்ளாட்சி அமைப்பு திட்டம் போட்ட இடங்களில் 2,000 வரைக்கும் இறங்கியிருக்கிறார்கள். பண்பாடு தானாகக் கொடுத்திருந்தால் இத்தனை வருடம் ஆகியிருக்குமா? சென்னையிலும் தாழ்தளப் பேருந்து திரும்ப ஓட ஆரம்பித்தது வழக்குப் போட்டு வருடக்கணக்கில் போராடிய பிறகுதானே.

பணம் என்பார்கள். அங்கே 2023 மார்ச்சிலிருந்து டோக்கியோ மெட்ரோ டிக்கெட்டில் 10 யென் கூடுதலாக வாங்குகிறார்கள், நம் காசுக்கு ஐந்தாறு ரூபாய், அது லிஃப்ட்டுக்கும் பிளாட்பாரக் கதவுகளுக்கும் என்று சொல்லியே வாங்குகிறார்கள். நம் மக்களிடம் அப்படி வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் போகிறவர்களில் பாதிப் பேர் என் தங்கையைவிட ஏழைகள். பலகைக்கு அவ்வளவு பணம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நம்மால் முடியாது என்று யாராவது சொன்னால் சென்னை மெட்ரோவைப் போய்ப் பார்க்கட்டும். 2015-இலிருந்து ஓடுகிறது, பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டம், தங்கை அதில் தானே உருட்டிக்கொண்டு ஏறுகிறாள். அதைக் கட்டவும் ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காதான் கடன் கொடுத்தது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவைப் பிடிக்க விமான நிலையம்வரை ஆட்டோவில் போக வேண்டுமே. 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட்டிய ஊர் இது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ரயில் நிலையத்தை அவர்கள் பயன்படுத்தும்படி வைத்திருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. மின்சார ரயிலில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கி, பெட்டியின் வெளியே சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிறவர் பிளாட்பாரத்திலிருந்து எப்படி உள்ளே போனார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

எல்லா ஸ்டேஷனிலும் நாளைக்கே வேண்டும் என்று கேட்கவில்லை. பீச், எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம், செங்கல்பட்டு, இந்த ஆறில் முதலில் வைக்கட்டும். ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் ஒரு பலகை, பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தேடாதபடி கைக்கெட்டுகிற இடத்தில். மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் ஒதுக்கிய பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தரையில் ஒரு கோடு. பலகை போட்டு எடுக்கிறவரைக்கும் வண்டி நகரக் கூடாது என்று கார்டுக்கு ஒரு உத்தரவு. ஏற்றிவிட்ட கையோடு அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு போன். லிஃப்ட் இருக்கிற இடத்தில் அது ஓட வேண்டும், "பழுது" என்று எழுதி ஒட்டிய தாள் பழுப்பேறி உரிந்து விழுகிறவரைக்கும் விட்டுவைக்கக் கூடாது. தங்கைக்கு மட்டுமில்லை, மூட்டு வலியோடு வருகிற பெரியவர்கள், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கிற பெண்கள், டயாலிசிஸ் முடிந்து தள்ளாடி வருகிறவர்கள் என்று எங்கள் பிளாட்பாரத்திலேயே தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம் நான் தங்கையின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் ஸ்டேஷனுக்குப் போனேன். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் மூன்று வண்டி வந்து நிற்கும்போது உயரத்தையும் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டேன். அந்த அளவைக் கொண்டுபோய் எங்கள் பகுதியில் அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறைக்காரரிடம் காட்டினேன். நடுவில் கீல் வைத்து, மேலே வழுக்காமல் சொரசொரப்பான தகடு போட்டு, இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் விளிம்பு தூக்கிச் செய்துவிடலாம், உயரம் அதிகமாக இருப்பதால் பலகையைக் கொஞ்சம் நீளமாக வைக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன விலை என் ஒரு மாதப் பென்ஷனில் பாதிகூட இல்லை. எங்கள் ஸ்டேஷனுக்கு முதல் பலகையை நான் செய்து கொடுத்துவிடுகிறேன். அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு இதுவரை மூன்று முறை அலைந்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவரைப் பாருங்கள் என்கிறார்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கிற சம்பந்தப்பட்ட அதிகாரிகளில் யாராவது ஒருவர், எந்த அறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகவே சொன்னாலும் போதும், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சென்னைப் புறநகர்.